பச்சோந்திக்கு இரை: எங்கே சிக்கனம், எங்கே கூடாது?

சென்ற இதழில் பச்சோந்திக் கூண்டின் அமைப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கூண்டைப் பற்றியவை அல்ல, தீனிச் செலவைப் பற்றியவை. ஆகவே அவற்றை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஏமன் பச்சோந்தியையோ மடகாஸ்கரைச் சேர்ந்த பேந்தர் பச்சோந்தியையோ வளர்க்கிறார்கள் என்பதால், தனியாகக் குறிப்பிடாத இடங்களில் என் பதில்கள் அந்த இரண்டு இனங்களுக்கே பொருந்தும். இரண்டும் வளர்ப்பகத்தில் பிறந்தவையாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டில் பிடித்த பச்சோந்தியை வைத்திருப்பது பல நாடுகளில் குற்றம். குற்றமில்லாத இடங்களிலும் அது பெரும்பாலும் ஒட்டுண்ணிகளோடும் மிரட்சியோடும்தான் வந்து சேர்கிறது.

கேள்வி: என்னிடம் உள்ள ஆண் ஏமன் பச்சோந்திக்கு ஒன்றரை வயது. பலவகை உணவு தர வேண்டும் என்று படித்ததால், வாரந்தோறும் ஐந்து வகைப் பூச்சிகளைச் சிறு டப்பாக்களில் வாங்குகிறேன். அவற்றில் பாதி, கூண்டுக்குள் போவதற்கு முன்பே செத்துவிடுகின்றன. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பூச்சிகளைத் தின்கிறான். ஒரே வகையைக் கொடுத்தால் போதாதா?

ஒரே வகை போதாது. ஆனால் வாரத்துக்கு ஐந்து வகையும் தேவையில்லை. வகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அளவைப் பார்ப்போம், ஏனெனில் உங்கள் செலவில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. ஒரு வயது கடந்து வளர்ச்சி நின்றுவிட்ட ஆணுக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கு அல்லது ஐந்து நடுத்தரப் பூச்சிகள் போதும். மாதத்துக்குக் கணக்கிட்டால் 60 முதல் 75 பூச்சிகள். நீங்கள் முந்நூறுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

'தின்கிறானே' என்பீர்கள். தின்னத்தான் செய்வான். அடுத்த இரை எப்போது அகப்படும் என்று தெரியாத பிழைப்பில் உருவான உயிரினம் அது. கண்ணெதிரே அசைவதை விட்டுவைக்கும் பழக்கம் அதற்கு இல்லை. பசியை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள், உடம்பைப் பாருங்கள். தலைக்கொண்டையின் இருபுறமும் மெத்தென்று புடைத்து, கைகளின் மேற்பகுதி பருத்து, கிளையில் ஏறும்போது வயிறு உரசினால் அது கொழுப்பு. கொண்டையின் பக்கங்கள் குழிந்து, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தால் அது மெலிவு. இரண்டுக்கும் நடுவே நிறுத்துவதுதான் நம் வேலை. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்தால், கண் ஏமாற்றும் இடத்தில் அந்தக் குறிப்பு உதவும்.

பூச்சியின் அளவையும் கவனியுங்கள். பச்சோந்தியின் இரு கண்களுக்கும் இடையே உள்ள அகலத்தைவிடப் பூச்சியின் உடல் பருமனாக இருக்கக்கூடாது.

இனி வகை. அன்றாட இரைக்கு இரண்டு பூச்சிகளை முக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். சுவர்க்கோழி எனப்படும் கிரிக்கெட் பூச்சியும் டூபியா கரப்பானும் அதற்கு ஏற்றவை. மூன்றாவதாக, மென்மையான உடல் கொண்ட ஏதாவது ஒன்றை வாரம் ஒருமுறை கொடுங்கள்: ஒரு மாதம் பட்டுப்புழு, அடுத்த மாதம் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, அதற்கடுத்து கொம்புப்புழு என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் வீட்டில் மூன்று டப்பாக்கள்தான் இருக்கும், ஆனால் ஆறு மாதத்தில் பச்சோந்தி ஏழெட்டு வகைகளை ருசித்திருக்கும். பலவகை என்பதை ஒரே வாரத்துக்குள் அடைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: வாங்கி வரும் சுவர்க்கோழிகளுக்கு நாங்களும் தீனி போட வேண்டுமா? இரண்டு நாளில் தின்னப்படப் போகிற பூச்சிதானே?

இந்தக் கேள்வியை அனுப்பியவருக்கு நன்றி. இந்த மாதம் வந்தவற்றில் இதற்கு மட்டும்தான் பதில் எழுத முடியும் என்றால் இதையே தேர்ந்தெடுத்திருப்பேன்.

விற்பனைக்கு வரும் பூச்சி, பயணத்திலும் கடையிலும் பல நாள் பட்டினி கிடந்து, உங்கள் கைக்கு வரும்போது பெரும்பாலும் வெறும் ஓடாகத்தான் இருக்கும். அதைக் கொடுத்தால் பச்சோந்தியின் வயிறு நிறையும், ஊட்டம் சேராது. அதே பூச்சிக்கு 24 முதல் 48 மணி நேரம் நல்ல தீனி கொடுத்து, அதன் குடல் நிறைந்திருக்கும்போது கூண்டுக்குள் விட்டால், அது தின்ற காய்கறியும் கீரையும் சேர்ந்தே பச்சோந்திக்குப் போய்ச்சேர்கின்றன. வளர்ப்பவர்கள் இதைக் கட்லோடிங் என்பார்கள். கேரட் தின்ற சுவர்க்கோழியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: வயிற்றுப்பகுதியின் மெல்லிய தோலுக்குள் ஆரஞ்சு நிறம் மங்கலாகத் தெரியும். பச்சோந்தியின் உணவுத்தட்டு உண்மையில் அதுதான்.

சிக்கனத்துக்கும் இதுவே நல்ல வழி. பூச்சிவகையை மாற்றச் செலவாகும். பூச்சியின் தீனியை மாற்ற ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. சமையலுக்கு நறுக்கும்போது ஒதுக்கும் கேரட் நுனி, சர்க்கரைவள்ளிக்கிழங்கின் துண்டு, பூசணியின் உட்சதை, கடுகுக்கீரை, முள்ளங்கி இலை, ஆப்பிள் தோல், ஆரஞ்சின் ஒரு சுளை எல்லாம் போதும். நன்றாகக் கழுவி, ஈரத்தைத் துடைத்துப் போட வேண்டும். மல்பெரி இலையோ மருந்தடிக்காத செம்பருத்தி இலையோ கிடைத்தால் இன்னும் நல்லது. ஈரமான காய்களோடு ஓட்ஸ், கோதுமைத் தவிடு போன்ற உலர்தீனியையும் ஒரு மூடியில் வைத்துவிடுங்கள். இந்த வாரம் கேரட்டும் கடுகுக்கீரையும், அடுத்த வாரம் பூசணியும் மல்பெரியும் என்று மாற்றிக்கொண்டே போனால், ஒரே பூச்சியே பல உணவாகிவிடுகிறது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. பசலைக்கீரையில் ஆக்ஸலேட் மிகுதி. அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. லெட்யூஸ் பெரும்பாலும் தண்ணீர்தான். நாய், பூனைத் தீனியைப் பூச்சிகளுக்குப் போட்டால் அவை வேகமாகப் பெருகும் என்பது உண்மையானாலும், பச்சோந்தியின் சிறுநீரகத்துக்கு அவ்வளவு விலங்குப் புரதம் சுமையாகிவிடக்கூடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பூச்சிகள் பாதி சாவதாக முதல் வாசகர் எழுதியிருந்தாரே, அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில் நானும் மலிவாகக் கிடைக்கிறதென்று ஐந்நூறு சுவர்க்கோழிகளை ஒரே பெட்டியாக வாங்கி, அவற்றுக்குத் தாகம் எடுக்குமே என்று நனைந்த பஞ்சை உள்ளே வைத்து மூடிவிட்டேன். மூன்றாம் நாள் திறந்தபோது அடித்த நாற்றத்தை இன்னும் மறக்கவில்லை. சுவர்க்கோழிகளைக் கொல்வது பெரும்பாலும் பசியன்று, ஈரமும் நெரிசலும்தான். உயரமான பெட்டி, மூடியில் வலை, உள்ளே செங்குத்தாக நிறுத்திய முட்டை அட்டைகள், தண்ணீருக்குப் பதில் கேரட் துண்டு, செத்தவற்றை அன்றன்றே அகற்றுதல், இவ்வளவே போதும்.

கேள்வி: டூபியா கரப்பானை வீட்டிலேயே பெருக்கலாம் என்கிறார்கள். வீட்டாருக்கு அருவருப்பாக இருக்கிறது. அவ்வளவு தொந்தரவுக்குப் பயன் உண்டா?

கரப்பான் என்ற பெயர்தான் இதன் ஒரே குறை என்று சொல்வேன். நம் சமையலறையில் ஓடும் கரப்பானுக்கும் இதற்கும் பழக்கவழக்கம் வேறு. டூபியா வழவழப்பான பிளாஸ்டிக் சுவரிலோ கண்ணாடியிலோ ஏறமுடியாது, சத்தமிடாது, பெட்டி சுத்தமாக இருந்தால் நாற்றமும் இல்லை. ஆணுக்கு முழு இறகு உண்டு, ஆனால் சரியாகப் பறக்கத் தெரியாது. பெண்ணுக்கு இறகின் அடிக்கட்டை மட்டுமே. சூடு குறைந்தால் இனப்பெருக்கம் நின்றுவிடும் என்பதால், தப்பி ஓடிய ஒன்றிரண்டு குளிரான வீட்டில் குடியேறிப் பெருகுவது கடினம்.

கணக்கைப் பாருங்கள். டூபியா முட்டைக்கூட்டை வெளியே இடுவதில்லை. உள்ளேயே பொரித்துக் குஞ்சுகளாக ஈனுகிறது. ஒரு பெண், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 20 குஞ்சுகள் ஈனுவதாகக் குறைத்தே வைத்துக்கொண்டாலும், 15 பெண்கள் இருந்தால் மாதத்துக்கு 150 குஞ்சுகள். முழு வளர்ச்சியடைந்த ஒரு பச்சோந்திக்கு இது தேவைக்கும் அதிகம். 15 பெண்களுக்கு நான்கைந்து ஆண்கள் போதும். மிகுதியாக வளரும் ஆண்களை முதலில் இரையாக்கிவிடுங்கள்.

ஒளிபுகாத, ஆழமான பிளாஸ்டிக் பெட்டியில் முட்டை அட்டைகளைச் செங்குத்தாக அடுக்கி, ஒரு பக்கம் 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கும்படி சூடேற்றினால் போதும். அடியில் மண்ணோ மரத்தூளோ வேண்டாம். எச்சம் உலர்ந்த மிளகுத்தூள்போல அடியில் சேரும், அதிலேயே குஞ்சுகள் புதைந்து கிடக்கும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சலித்து எடுங்கள். அந்தத் தூசி சிலருக்கு ஒவ்வாமையைத் தரும். சலிக்கும்போது முகக்கவசம் அணிவது நல்லது, வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்த முயற்சியையே தவிர்க்கலாம். சில நாடுகளில் டூபியாவை வைத்திருக்கத் தடை உண்டு; தொடங்கும் முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலர் தோற்பது ஒரே இடத்தில்தான். குஞ்சு, இனப்பெருக்க வயதை அடைய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை பொறுக்காமல் முதல் ஈற்றிலேயே எடுத்துக் கொடுக்கத் தொடங்கினால், அரையாண்டில் பெட்டி காலியாகிவிடும். முதல் ஆறு மாதம் இரைக்கு வெளியில் வாங்குங்கள், பெட்டியில் கைவைக்காதீர்கள். வங்கியில் போட்டதை மறந்துவிடுவதுபோல அதை மறந்துவிடுபவர்களுக்குத்தான் இது பலன் தருகிறது. வீட்டாரைப் பொறுத்தவரை, பெட்டியின் மேல் பெயர் எழுதி ஒட்டாமல் இருப்பது நல்லது என்பதே என் அனுபவம்.

கேள்வி: மாவுப்புழு மலிவு, குளிர்பதனப் பெட்டியில் வாரக்கணக்கில் கிடக்கிறது. அதையே முதன்மை இரையாக வைத்தால் என்ன?

வேண்டாம். ஓடு கடினம், கொழுப்பும் சற்று அதிகம். வாரத்தில் இரண்டு மூன்று கொடுப்பதில் தவறில்லை. அப்போதுதான் தோலுரித்து வெள்ளையாகக் கிடப்பவற்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் இன்னும் எளிதாகச் செரிக்கும். சூப்பர்வோர்ம் எனப்படும் பெரிய புழுவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், செத்துவிடும். மாவுப்புழு குளிரில் தூங்குவதைப் பார்த்து இதற்கும் அப்படியே செய்து டப்பாவோடு தூக்கி எறிந்தவர்கள் பலர். மெழுகுப்புழு வெறும் கொழுப்பு. நோயிலிருந்து மீண்டு எடை ஏற வேண்டிய பச்சோந்திக்கு மட்டும் அதைக் கொடுங்கள்.

கேள்வி: கால்சியம் பொடிக்குப் பதிலாக முட்டை ஓட்டை இடித்துப் பயன்படுத்தலாமா? வைட்டமின் டி3 கலந்தது, கலக்காதது, பல வைட்டமின்கள் சேர்ந்த பொடி என்று மூன்று டப்பா வாங்கச் சொல்கிறார்களே, எல்லாம் அவசியமா?

முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான்; வேதியியலில் உங்கள் யோசனை சரி. நடைமுறையில், வீட்டு மிக்ஸியில் அரைத்த ஓடு எவ்வளவு சலித்தாலும் நறநறவென்றுதான் இருக்கும், பூச்சியின் மேல் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். பாஸ்பரஸ் கலக்காத, முகப்பவுடர் போன்ற நுண்ணிய கால்சியம் கார்பனேட் பொடி ஒரு டப்பா வாங்கினால் ஒரு பச்சோந்திக்கு மாதக்கணக்கில் வரும். மூன்று டப்பாக்களில் மிக மலிவானதும் இதுவே. இதில் மிச்சம் பிடிக்கப் போய் எலும்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரணம் இதுதான். பெரும்பாலான இரைப்பூச்சிகளில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பச்சோந்திக்கு வேண்டியதோ நேரெதிர்: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஏறக்குறைய இரு பங்கு. இந்த இடைவெளியை நிரப்பாவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவத் தொடங்கும். கால்கள் வில்லாக வளையும், தாடை ரப்பர்போல மெத்தென்றாகும், நாக்கை வெளியே வீசும் வலுக்கூடப் போய்விடும். வளர்ப்புப் பச்சோந்திகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் நோய் இது; வளைந்த எலும்பு மீண்டும் நிமிர்வதில்லை. பிளாக் சோல்ஜர் ஈயின் புழு மட்டும் இதற்கு விலக்கு, இயல்பிலேயே அதில் கால்சியம் நிறைந்திருக்கிறது.

டி3 கலந்த பொடி ஏன் தனியே என்றால், டி3 இல்லாமல் கால்சியம் குடலிலிருந்து உடம்பில் ஏறாது. அந்த டி3-ஐப் பச்சோந்தி, யூ.வி.பி. எனப்படும் புறஊதாக் கதிர் ஒளியில் தன் தோலிலேயே தயாரித்துக்கொள்கிறது. தேவைக்கு மேல் தயாரிப்பதுமில்லை. பொடியாகக் கொடுக்கும்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை, மிகுந்தால் நஞ்சு. ஆகவே நல்ல யூ.வி.பி. விளக்கு உள்ள கூண்டுக்கு, டி3 கலக்காத கால்சியம் ஏறக்குறைய ஒவ்வொரு வேளையும், டி3 கலந்தது மாதம் இருமுறை, பல வைட்டமின்கள் சேர்ந்த பொடி மாதம் இருமுறை என்பது பலரும் பின்பற்றும் முறை. மூன்று கொம்புடைய ஜாக்சன் பச்சோந்திக்கு இதைவிடக் குறைவாகவே கொடுக்க வேண்டும். அதிகமானால் கழுத்தைச் சுற்றி நீர் கோத்து வீங்கும். மனிதர்களுக்கான கால்சியம் மாத்திரையைப் பொடித்துப் போடலாமா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். அதில் உள்ள டி3 அளவு நம் உடம்புக்குக் கணக்கிட்டது. 150 கிராம் எடையுள்ள ஓர் உயிருக்கு அல்ல.

தூவும் முறையிலும் வீணடிப்பு நடக்கிறது. சிறு பிளாஸ்டிக் பையில் அன்றைக்கு வேண்டிய நான்கைந்து பூச்சிகளைப் போட்டு, ஒரு சிட்டிகை பொடியிட்டு மெல்லக் குலுக்குங்கள். கறுத்த சுவர்க்கோழி மெலிதாகத் திருநீறு பூசியதுபோல வெளிவந்தால் சரி; மாவில் புரட்டிய பஜ்ஜிபோல வந்தால் அதிகம், பச்சோந்தி சுவையை வெறுத்துத் திரும்பிவிடும். தூவியவுடன் கொடுத்துவிடுங்கள். சுவர்க்கோழி தன்னைத்தானே துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும் பூச்சி. ஒரு மணி நேரம் கழித்துத் தின்னப்பட்டால் பொடி கூண்டின் தரையில்தான் இருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று. யூ.வி.பி. விளக்கு எரிந்துகொண்டிருப்பதாலேயே வேலை செய்கிறது என்று பொருளில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட காலத்தில், வழக்கமாக ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், மாற்றியாக வேண்டும். இரையில் மிச்சமான பணத்தை எங்கே போடுவது என்று யாராவது கேட்டால் நான் இந்த விளக்கைத்தான் காட்டுவேன்.

கேள்வி: தோட்டத்தில் வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றனவே?

இலவசம்தான், வகையும் ஏராளம். காட்டுப் பச்சோந்தி அதைத்தான் தின்று வாழ்கிறது. ஆனால் உங்கள் தோட்டத்தில் மருந்தடிக்காமல் இருப்பது மட்டும் போதாது. வெட்டுக்கிளி நேற்று பக்கத்து வயலில் மேய்ந்திருக்கலாம், கொசுப்புகை அடித்த தெருவைக் கடந்து வந்திருக்கலாம். வெளிப்பூச்சிகளோடு ஒட்டுண்ணிகள் வருவதும் உண்டு. சுற்றிலும் எங்கும் மருந்து புழங்குவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள், புல்வெளியில் பிடித்த வெட்டுக்கிளியை எப்போதாவது கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை எச்சத்தை மருத்துவரிடம் கொடுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் விட்டுவிடுவதே நல்லது.

மின்மினியை மட்டும் ஒருவரும், ஒருபோதும் கொடுக்காதீர்கள். சில மின்மினி இனங்களின் உடம்பில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. ஒரே ஒரு பூச்சி ஒரு பல்லியைக் கொல்லப் போதுமானது. பளிச்சென்ற நிறமுள்ள கம்பளிப்புழுக்கள், எருக்கு இனச் செடிகளில் மேயும் புழுக்கள், கொட்டும் குளவிகள் ஆகியவையும் வேண்டாம்.

கேள்வி: உலர்ந்த பூச்சிகள் டப்பாவில் மலிவாகக் கிடைக்கின்றன. பழம், காய்கறி கொடுத்தும் செலவைக் குறைக்கலாமா?

உலர்ந்த பூச்சி அசையாது. அசையாததைப் பெரும்பாலான பச்சோந்திகள் உணவாகவே கருதுவதில்லை. அப்படியே பழக்கினாலும் அதில் தண்ணீர் இல்லை, பச்சோந்திக்கு நீரின் ஒரு பகுதி இரையிலிருந்தே வருகிறது.

ஏமன் பச்சோந்தி இலைகளைக் கடித்துத் தின்னும் வழக்கமுடையது. கூண்டில் செம்பருத்திச் செடி வைத்தால் இலைகளில் அரைவட்டமாகக் கடித்த தடங்களைப் பார்க்கலாம். அதற்கு எப்போதாவது சிறிது கீரையோ பழத்துண்டோ கொடுப்பதில் தவறில்லை. அதைக்கொண்டு பூச்சியின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. பேந்தர் பச்சோந்தி பெரும்பாலும் இலையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. காய்கறியைப் பூச்சிக்குக் கொடுங்கள். பூச்சியைப் பச்சோந்திக்குக் கொடுங்கள்.

கேள்வி: கிண்ணத்தில் வைக்கும் தண்ணீரைத் தொடுவதே இல்லை. இரைக்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நீர் குறைந்த பச்சோந்தி இரையை மறுக்கும். கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் நீர் என்றே உணர்வதில்லை. இலைநுனியில் மின்னும் துளியைத்தான் அவை நக்கிக் குடிக்கும். காலையிலும் மாலையிலும் சில நிமிடம் இலைகள் நனையும்படி தெளியுங்கள். அடியில் ஊசியால் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கூண்டின் மேல் வைத்தால் செலவில்லாமல் சொட்டு நீர் கிடைத்துவிடும். கீழே வடியும் நீரைப் பிடிக்க ஒரு தட்டு வையுங்கள். எச்சத்தோடு வரும் யூரேட் எனப்படும் கெட்டியான சிறுநீர்க் கழிவு வெள்ளையாக இருந்தால் நீர் போதுமானது, தொடர்ந்து ஆழ்ந்த மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் போதவில்லை.

கேள்வி: பெண் ஏமன் பச்சோந்தி வைத்திருக்கிறேன், ஒன்பது மாதம். நன்றாக வளரட்டும் என்று வயிறு நிறையக் கொடுக்கிறேன். சரிதானே?

சரியில்லை, இதைச் சற்று அவசரமாகவே சொல்கிறேன். ஏமன் பச்சோந்திப் பெண், ஆணைப் பார்க்காமலேயே முட்டை உருவாக்கும். உணவும் சூடும் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு முட்டைகள். அளவின்றி ஊட்டியவை ஒரே ஈட்டில் ஐம்பதுக்கும் மேல் இட்டு, உடம்பின் கால்சியம் முழுவதையும் அதில் கொட்டிவிட்டுச் சரிந்துபோகின்றன. முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். படிப்படியாகக் குறைத்து, வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு மூன்று அல்லது நான்கு பூச்சிகள் என்ற அளவுக்கு வாருங்கள். கூண்டில் விளக்கின் கீழே அது வெயில் காயும் இடத்தின் வெப்பத்தையும் 27 டிகிரிக்கு அருகே இறக்குங்கள். முட்டையிடுவதற்கு ஈர மணல் நிறைந்த ஆழமான தொட்டி ஒன்று எப்போதும் கூண்டில் இருக்கட்டும். செலவைக் குறைப்பதும் உயிரைக் காப்பதும் ஒன்றாகவே அமைவது இந்த ஓர் இடத்தில்தான்.

கேள்வி: இரண்டு மாதக் குஞ்சு வாங்கியிருக்கிறோம். அதற்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதுமா?

போதாது. குஞ்சுக்கு நாள்தோறும், இரண்டு வேளையாக, தின்னும் அளவுக்குக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் மெல்லக் குறைத்துக்கொண்டு வரலாம். வளரும் எலும்பிடம் சிக்கனம் பேச முடியாது. செலவைச் சமாளிக்கப் பழ ஈக்களைப் பெருக்குங்கள். பறக்க இயலாத வகையை ஒருமுறை வாங்கி, மசித்த வாழைப்பழம், ஓட்ஸ், சிறிது வினிகர், ஒரு சிட்டிகை ஈஸ்ட் கலந்து ஒரு சீசாவின் அடியில் பரப்பி, மேலே துணி கட்டி வைத்தால் இரண்டு வாரத்தில் புதிய தலைமுறை வந்துவிடும். வாரம் ஒரு சீசா புதிதாகத் தொடங்கினால் இடைவெளி விழாது. துணியை இறுக்கிக் கட்டுங்கள்; வெளியிலிருந்து ஒரே ஒரு சாதாரண ஈ நுழைந்து கலந்தாலும் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும், பிறகு சீசாவைத் திறந்த நேரமெல்லாம் வீடு முழுவதும் ஈதான்.

கேள்வி: ஒரு வாரம் பட்டுப்புழு கொடுத்தேன். இப்போது சுவர்க்கோழியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. விலை அதிகமான புழுவையே தொடர்ந்து வாங்க வேண்டியதுதானா?

வாங்க வேண்டாம். ஒரே பூச்சியை மாதக்கணக்கில் தின்று சலித்துப்போவதும், ருசியானதைக் கண்டபின் பழையதை மறுப்பதும் பச்சோந்திகளிடம் சகஜம். ஆனால் பிடிவாதம் என்று முடிவு கட்டுவதற்கு முன் வேறு காரணங்களைப் பாருங்கள்: வெயில் காயும் இடத்தில் வெப்பம் 29, 30 டிகிரி இருக்கிறதா, தோலுரிக்கும் நாளா, யூ.வி.பி. விளக்கு பழசாகிவிட்டதா, எதிரே கண்ணாடியோ இன்னொரு பச்சோந்தியோ தெரிகிறதா, வாயோரம் வீங்கியிருக்கிறதா. கண்கள் பகலில் மூடியிருந்தாலும், குழிந்திருந்தாலும், நாக்கை வீசிவிட்டு உள்ளே இழுக்கச் சிரமப்பட்டாலும், அது பிடிவாதமல்ல, நோய். அன்றே ஊர்வன மருத்துவம் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இவை ஒன்றும் இல்லை, உடலும் தேறியிருக்கிறது என்றால் இரண்டு மூன்று நாள் எதுவும் கொடுக்காமல், தண்ணீர் மட்டும் தெளித்துவாருங்கள். வளர்ந்த பச்சோந்திக்கு அதனால் தீங்கில்லை. நான்காம் நாள் காலை, அது வெயில் காய்ந்து நிறம் தெளிந்தபின், அதற்கு நேரெதிரே ஓர் அடி தள்ளி, வெள்ளை நிற உயரக் கோப்பையில் இரண்டு சுவர்க்கோழிகளை விட்டுவிட்டு நீங்கள் அறையைவிட்டு வெளியே போய்விடுங்கள். பார்த்துக்கொண்டு நின்றால் பல பச்சோந்திகள் தின்னாது. முதலில் ஒரு கண் மட்டும் கோப்பையின் பக்கம் உருளும். மற்றக் கண் இன்னும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு இரண்டும் ஒரே புள்ளிக்கு வந்து, உடம்பு மெல்ல முன்னே சாயும். அதற்குள் நீங்கள் கதவிடுக்கில் தலையை நீட்டிவிடக்கூடாது. மாலை வரை தொடாவிட்டால் பூச்சிகளை எடுத்துவிடுங்கள். இரவில் கூண்டுக்குள் திரியும் சுவர்க்கோழி தூங்கும் பச்சோந்தியைக் கடித்துப் புண்ணாக்கிவிடும். மறுநாளும் அதே நேரத்தில் அதே கோப்பையை வையுங்கள். ஒரு வாரம் கடந்தும் தொடவில்லை என்றாலோ, தராசில் எடை இறங்கிக்கொண்டே போனாலோ, கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.